பாடாமல் நின்ற மூவரும் கைவிரித்த தலைமையாசிரியையும்

கேரளத்தில் கோட்டயம் மாவட்டம், கிடங்கூர். 1985 ஜூலை. ஓர் உயர்நிலைப் பள்ளியின் காலைக் கூட்டம். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். 'ஜன கண மன' தொடங்குகிறது. பத்தாம் வகுப்பில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பில் அவன் தங்கை, ஐந்தாம் வகுப்பில் இன்னொரு தங்கை. மூவரும் நின்றார்கள், மரியாதையாகவே நின்றார்கள். பாடவில்லை.

அந்த 52 விநாடி மௌனத்துக்காக அதே மாதம் 26ஆம் தேதி மூவரையும் பள்ளியைவிட்டு வெளியேற்றினார்கள். கேரள உயர் நீதிமன்றத்தில் முதலில் தனி நீதிபதியிடமும் பிறகு இருவர் அமர்விலும் தோற்ற வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போய் 1986 ஆகஸ்ட் 11 அன்று முடிந்தது. 'பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு' என்பது வழக்கின் பெயர். சட்டம் படிக்கிறவர்கள் இதை மதச் சுதந்திரம், பேச்சுரிமை என்ற தலைப்புகளின் கீழ் படிக்கிறார்கள். நான் வக்கீல் அல்ல. அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டு வேலை பார்த்து, அதில் கடைசி 6 ஆண்டு தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இது முழுக்க முழுக்க ஒரு பள்ளிக்கூட வழக்கு. பள்ளி விதி என்பது எங்கிருந்து வருகிறது, அதைக் கையில் வைத்திருக்கிற ஆசிரியர் எதைப் பார்த்து நடக்க வேண்டும் என்று யோசித்த போதெல்லாம் இந்த வழக்கிடம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கிறேன்.

நடந்தது என்ன

அந்தப் பிள்ளைகளின் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. தேசிய கீதத்தின் சொல்லிலோ கருத்திலோ அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. தங்கள் கடவுளை வேண்டுவது தவிர வேறு எந்தச் சடங்கிலும் சேர்ந்து பாடக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். உலகெங்கும் அந்தப் பிரிவினர் இப்படித்தான் நடக்கிறார்கள். வகுப்புக்கு மட்டம் போடவோ வாத்தியாரை எதிர்க்கவோ அன்று கண்டுபிடித்த சாக்கு அல்ல அது.

நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கும் இடம் ஒன்று தீர்ப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக இப்படியே நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பு அதே பள்ளியில் படித்த அக்காமாரும் இப்படியே நின்றிருக்கிறார்கள். யாரும் கவலைப்படவில்லை. யாரும் அதை அவமரியாதை என்று நினைக்கவில்லை. அதாவது அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள், புரிந்துகொண்டிருக்கிறார்கள், விட்டிருக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் யார் வாய் அசைகிறது, யார் சட்டைப் பித்தான் போடவில்லை, யார் செருப்பில்லாமல் வந்திருக்கிறான் என்பது வரிசையின் ஓரத்தில் நிற்கிற ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவர்களின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையை அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது. எங்கும் எழுதப்படாத, ஆனால் சரியான முடிவு.

பிறகு ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கண்ணில் இது பட்டது. நாட்டுப்பற்றுக்கு விரோதம் என்று அவர் நினைத்தார். சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஒரு ஆணையம் அமைக்கப்பட்டது. பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று ஆணையம் அறிக்கை கொடுத்ததாக உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. இவ்வளவும் பிள்ளைகளுக்குச் சாதகம்தான். இருந்தும் பள்ளித் துணை ஆய்வாளர் அறிவுறுத்தினார். தலைமையாசிரியை மூவரையும் வெளியே அனுப்பினார்.

தகப்பனார் போய்க் கேட்டிருக்கிறார். அரசிடமிருந்து முடிவான உத்தரவு வரும்வரையாவது பிள்ளைகளை வகுப்பில் உட்கார விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அதற்குத் தலைமையாசிரியை தம் இயலாமையைத் தெரிவித்தார் என்று தீர்ப்பு சொல்கிறது.

அந்த ஒரு வரியில்தான் எனக்கு இந்த வழக்கு முழுவதும் இருக்கிறது. நம் புறத்திணைப் பாடல்களில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. மன்னன் இறந்தபின் அவனை நம்பியிருந்தவர்கள் செய்வதறியாது நின்று பாடுவது. இங்கே யாரும் இறக்கவில்லை. பள்ளியின் தலைமை நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், எதிரில் மூன்று பிள்ளைகளின் தகப்பன் நிற்கிறார், 'என் கையில் ஒன்றும் இல்லை' என்கிறார் நாற்காலியில் இருப்பவர்.

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலி எப்படிப்பட்டது என்று தெரியும். மேலிருந்து ஒரு சொல் வரும். என் காலத்தில் அது பெரும்பாலும் போனில் வந்தது. இப்போது வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. எழுத்தில் தாருங்கள் என்று கேட்டால் 'என்ன, எதிர்த்துப் பேசுறீங்களா?' என்ற பதில். அடுத்து மெமோ. அதற்கும் அடங்காவிட்டால் 17பி, அதாவது அரசு ஊழியர் மீது பெரிய தண்டனைக்காகத் தரப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. இன்கிரிமென்ட் நிற்கும், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தள்ளிப்போகும். ஓய்வுபெற ஓர் ஆண்டு இருக்கும்போது 17பி வாங்கி, பென்ஷன் பணம் வராமல் அலைந்த தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும். சட்டமன்றம் வரை போன விஷயத்தில் ஒரு தலைமையாசிரியை தனியாக நின்று மறுத்திருக்க வேண்டும் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது எளிது.

ஆனாலும் எதுவுமே செய்திருக்க முடியாதா என்று கேட்காமல் விட முடியவில்லை. அதற்கு முதலில் நீதிமன்றம் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

எந்த விதி?

உயர் நீதிமன்றம் தேசிய கீதத்தின் வரிகளைப் படித்துப் பார்த்தது. எந்த மதத்தினரின் மனத்தையும் புண்படுத்தும் சொல் அதில் ஒன்றும் இல்லை, ஆகவே பாடுவதில் என்ன தடை என்று முடிவுக்கு வந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வரிகளில் குறை இருப்பதாகச் சொல்லவே இல்லை. சொல்லாத வாதத்துக்குப் பதில் எழுதப்பட்டது. பள்ளியில் நாம் தினமும் செய்கிற பிழை இது. 'ஏன் ஹோம்வொர்க் எழுதல?' என்று கேட்டுவிட்டு, பையன் வாயைத் திறக்கும் முன்பே 'டிவி பார்த்தியா?' என்று நாமே பதிலும் சொல்லி, அந்தப் பதிலுக்குத் தண்டனையும் கொடுத்துவிடுகிறோம்.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் வேறு இடத்தில் தொடங்கினார்கள். வெளியேற்றினீர்களே, எந்த விதியின்படி?

தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்தார்கள். கீதம் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடுகிற கூட்டத்துக்கு இடையூறு செய்வதும்தான் அதன் 3ஆம் பிரிவில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. பாடாமல் எழுந்து நிற்பவர் யாரையும் தடுக்கவில்லை, இடையூறும் செய்யவில்லை. அரசமைப்பின் 51ஏ பிரிவு கீதத்தை மதிக்கச் சொல்கிறது. எழுந்து நிற்பதே மதிப்புதான் என்றார்கள். ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பாட வேண்டும் என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை.

அடுத்தது கல்வித்துறையின் இரண்டு சுற்றறிக்கைகள், 1961லும் 1970லும் வந்தவை. காலைக் கூட்டம் கட்டாயம், முழுப் பள்ளியும் கூட வேண்டும், கீதத்துக்குப் பின் ஒரே குரலில் உறுதிமொழி என்பது போன்ற நடைமுறைகளைச் சொன்னவை. இவற்றுக்குச் சட்டத்தின் வலு இல்லை, துறைசார் அறிவுரைகள் மட்டுமே என்றது நீதிமன்றம். ஒருவரின் பேச்சுரிமையையோ மனச்சான்றையோ கட்டுப்படுத்துவதானால் அதற்குச் சட்டம் வேண்டும். சுற்றறிக்கை போதாது. பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்பது இங்கிருந்து பிறந்ததுதான்.

கடைசியாகக் கேரளக் கல்வி விதிகள். இதுதான் உண்மையில் சட்டத்தின் கீழ் வந்த விதி, ஆசிரியர்கள் நின்று படிக்க வேண்டியதும் இதைத்தான். வேண்டுமென்றே கீழ்ப்படியாமை, தேர்வில் முறைகேடு, மற்றப் பிள்ளைகளைக் கெடுக்கும் நடத்தை என்று குற்றங்களை வரிசையாகச் சொல்கிறது. தண்டனையிலும் ஒரு ஏணி வைத்திருக்கிறது. முதல் படி கண்டித்தல், அடுத்தது தற்காலிக நீக்கம், கடைசியில்தான் வெளியேற்றம். குற்றத்தின் அளவைப் பொறுத்துப் படி ஏறவேண்டும். ஆனால் இந்தப் பிள்ளைகளின் நடத்தையில் குறை இருந்ததாக யாருமே சொல்லவில்லை. எல்லோர் வாக்கிலும் நல்ல பிள்ளைகள். ஏணியின் முதல் படிக்கே இடமில்லாத இடத்தில் கடைசிப் படியில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

நல்ல பிள்ளைகள் என்று சொன்னவர்கள் யார்? நீதிபதிகள் அவர்களை வகுப்பில் பார்த்தவர்கள் அல்லர். பள்ளிக்கூடம்தான் பார்த்திருக்கிறது. ஆண்டாண்டாகப் பார்த்து, பேசாமல் இருந்த ஆசிரியர்களின் அறிவுதான் கடைசியில் வழக்கைத் தாங்கியது. அந்த அறிவு வழக்குக்கு முன்பே ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தால்?

நான் மேலே கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். தலைமையாசிரியை உத்தரவை மீறியிருக்க வேண்டியதில்லை. திருப்பி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்: 'ஐயா, இப்பிள்ளைகள் இத்தனை ஆண்டாக இப்பள்ளியில் படிக்கிறார்கள். கீதத்தின்போது எழுந்து நிற்கிறார்கள். நடத்தையில் குறை இல்லை. எந்த விதியின் கீழ் நீக்க வேண்டும் என்பதைத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். பதில் வரும்வரை வருகைப் பதிவேட்டில் பெயர் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன்.' இது எதிர்ப்பு அல்ல. தெளிவுரை கேட்பது. அலுவலக மொழியில் இதற்கு ஒரு மரியாதை உண்டு. இப்படி ஒரு கடிதத்துக்காக மெமோ கொடுப்பது மேலதிகாரிக்கும் கடினம். அவர் எழுதினாரா இல்லையா என்று பார்த்து அவரை அளப்பது என் நோக்கமல்ல. இன்று அதே நாற்காலியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் வரிசையில் நின்ற பையன்

இந்தத் தீர்ப்பை நான் முதலில் படித்தது பணியில் சேர்ந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். அதற்கு முன்பே நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. பள்ளியின் பெயர் வேண்டாம்.

அப்போது காலைக் கூட்டம் என் பொறுப்பு. திங்கட்கிழமை கொடியேற்றம். தமிழ்த்தாய் வாழ்த்து, கொடிப்பாடல், உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு, கடைசியில் தேசிய கீதம். பி.ஈ.டி. சார் விசில் ஊதினால் 600 பிள்ளைகளும் ஒரே அசைவில் நிற்பார்கள். எனக்கு அதில் பெருமை. ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒரு பையன் வாயையே திறக்கவில்லை என்பதை இரண்டு வாரம் கவனித்தேன். மூன்றாம் வாரம் மேடைக்குக் கூப்பிட்டேன். 'ஏன் பாடலை?' பதில் இல்லை. 'நாட்டுக்காக ஒரு நிமிஷம் வாயத் திறக்க முடியாதா?' அதற்கும் பதில் இல்லை. முதல் பீரியட் முடியும்வரை கொடிக்கம்பத்தடியில் நிற்கவைத்தேன். ஆகஸ்ட் வெயில். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடிமேடையின் சுண்ணாம்புக் காரையைக் கால் பெருவிரலால் சுரண்டிக்கொண்டே நின்றான்.

அவனுடைய வகுப்பாசிரியை கணக்கு டீச்சர். பள்ளியிலேயே மிகக் கண்டிப்பானவர். காலை 8.45க்கு அவர் வைக்கும் தேர்வுக்கு ஒருவரும் பிந்தமாட்டார்கள். வீட்டுக் கணக்கு போடாதவர்கள் மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போட வேண்டும். அவர் தம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்களும் சத்துணவுத் தட்டோடு உட்கார்ந்து, சாப்பாடும் கணக்கும் சேர்ந்தே முடியும். விடுமுறைக் கடிதம் இல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் மாலையில் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவரிடம் நீளவாட்டில் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். எந்த ஊர், எந்தப் பஸ், வீட்டில் யார் யார், கரும்பலகை தெரிகிறதா, எந்தப் பாடத்தில் எங்கே தடுக்குகிறது. மதிப்பெண்ணை அதில் எழுதமாட்டார். 'மார்க்குதான் ரெஜிஸ்டர்ல இருக்கே சார்' என்பார்.

அன்று இடைவேளையில் என் மேசைக்கு வந்தார்.

"சார், அவன் பாடமாட்டேன்னு நிக்கல. அவனுக்குக் குரல் உடையுது. போன மாசம் பாடும்போது கீச்சுனு போயிடுச்சு, முன்னாடி நின்ன பசங்க திரும்பிப் பார்த்துச் சிரிச்சானுங்க. அன்னையிலேர்ந்து வாயத் தொறக்கறதில்ல. கிளாஸ்ல பேர் கூப்பிட்டாக்கூடக் கையத்தான் தூக்குறான். நீங்க மேடையில நிக்கவெச்சுட்டீங்க. இனிமே மொத்த ஸ்கூலும் அவன் வாயத்தான் பார்க்கும்."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. கண்டிப்பு என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானும் கண்டிப்பானவன் என்றுதான் பெயர். ஆனால் என் கண்டிப்பு வரிசையைப் பார்த்தது. அவருடைய கண்டிப்பு பையனைப் பார்த்தது. என்னைவிட இரண்டு மடங்கு கடுமையான அவரிடம் பிள்ளைகள் முறையிட எதுவும் இருந்ததில்லை. என்னிடம் அன்று கொடிக்கம்பத்தடியில் நின்றவனுக்கு முறையிட நிறைய இருந்தது, வாய்தான் இல்லை.

அடுத்த வாரம் டீச்சர் பி.ஈ.டி. சாரிடம் பேசி, பேண்டு வாத்தியக் குழுவில் அவனுக்குச் சின்ன டிரம் வாங்கிக் கொடுத்தார். டிரம் அடிப்பவன் பாட வேண்டியதில்லை. அரையாண்டுக்குள் குரல் இறங்கிவிட்டது. ஆனால் பத்தாம் வகுப்பு முடியும்வரை டிரம்மை அவன் விடவில்லை. கிடங்கூர்ப் பிள்ளைகளின் காரணம் வேறு, இவன் காரணம் வேறு. இரண்டு வரிசையிலும் விளக்கம் கேட்காமலே தண்டனை வந்தது என்பதுதான் ஒற்றுமை.

மூன்று பேர் முப்பது பேரானால்?

இந்தத் தீர்ப்பைப் பணியிடைப் பயிற்சிகளில் பேசும்போதெல்லாம் ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். இன்றைக்கு மூன்று பேர் பாடவில்லை, விட்டால் நாளைக்கு முப்பது பேர் பாடமாட்டார்கள், பிறகு எந்த விதியைத்தான் காப்பாற்றுவது? இது பொய்யான பயம் இல்லை. எட்டாம் வகுப்பில் ஒருவன் தலைமுடியை இருபக்கமும் மழித்துக்கொண்டு வந்து, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், அடுத்த திங்கள் அரை வகுப்பு அப்படி வரும்.

தீர்ப்பு இதற்கும் இடம் விட்டிருக்கிறது. நம்பிக்கை உண்மையானதா, மனச்சான்றிலிருந்து வருவதா என்று பார்க்கச் சொல்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் இவற்றுக்கு ஊறு வந்தால் மதச் சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு என்று அரசமைப்பின் 25ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே விதியே கூடாது என்று இந்தத் தீர்ப்பைப் படிப்பது தவறு. யாருக்கு ஊறு என்று கேள் என்பதுதான் அதன் சாரம்.

நம் ஊரிலேயே இதற்கு நேர் மாறான ஒரு விதிக்குப் பரிந்துரை வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டப்பட்டபின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழக அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. இதையும் மனச்சான்று, மதம் என்று சிலர் எதிர்த்தார்கள். நான் அந்தத் தடையின் பக்கம் நிற்கிறேன். தென்மாவட்டப் பள்ளிகளில் வேலை பார்த்த எந்த ஆசிரியருக்கும் தெரியும், கையில் கட்டிய கயிற்றின் நிறம் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவனுக்கு என்ன சொல்கிறது என்று. பாடாமல் நிற்பவனின் மௌனம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கயிறு 'நீ யார்?' என்று கேட்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

எல்லா நேரமும் இவ்வளவு எளிதாகப் பிரியாது. கர்நாடகத்தில் ஹிஜாப் அணிந்த மாணவிகளை வகுப்புக்குள் விடாத வழக்கில் 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு எழுதினார்கள். நீதிபதி சுதான்ஷு துலியா, கிடங்கூர்ப் பிள்ளைகளின் வழக்கே இதற்கும் விடை என்றார். நீதிபதி ஹேமந்த் குப்தா உயர் நீதிமன்றம் சொன்னதே சரி என்றார். சீருடைக்காக வாதாடுகிறவர்களின் நியாயம் எனக்குப் புரியும். ஏழை, பணக்காரன் வேற்றுமையை மறைக்கச் சீருடையைப் போல இன்னொன்று நம் பள்ளிகளில் இல்லை. ஆனால் ஹிஜாபுக்காகப் படிப்பை மறுத்து ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையை நாம் மேம்படுத்துகிறோமா என்ற கேள்வியை நீதிபதி துலியா கேட்டார். ஓர் ஆசிரியனாக நானும் அதைத்தான் முதலில் கேட்பேன்.

அமெரிக்காவிலும் இதே பிரிவைச் சேர்ந்த பிள்ளைகளிடமிருந்துதான் இது தொடங்கியது. பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தவர்களை வெளியேற்றியது சரியே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1940இல் சொன்னது. மூன்றே ஆண்டில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1943இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. நம் நீதிபதிகள் இந்த வழக்குகளையெல்லாம் எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

பதிவேட்டில் திரும்ப எழுதப்படும் பெயர்

தீர்ப்பின் கடைசி வாசகம் பலருக்கு மனப்பாடம். நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடவேண்டாம் என்று முடியும். எனக்கு அதற்கு முந்தைய வரிதான் முக்கியம். பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், தடையின்றிப் படிக்க விடுங்கள் என்பதோடு நீதிபதிகள் நிறுத்தவில்லை. படிப்பைத் தொடரத் தேவையான வசதிகளையும் செய்து கொடுங்கள் என்று சேர்த்திருக்கிறார்கள்.

வெளியேற்றத்துக்கும் அந்த உத்தரவுக்கும் இடையில் ஓராண்டும் 16 நாளும். பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஜூலையில் போன பள்ளி என்றால் அந்த ஆண்டின் பொதுத்தேர்வும் கூடவே போகிற இடம். ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அது பின்னமும் தசமமும் படிக்க வேண்டிய காலம். திரும்பச் சேர்க்க ஓர் உத்தரவு போதும். விட்டுப்போன பாடத்தை யார், எந்த மணியில், எந்த வகுப்பறையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது என்பதை உத்தரவு எழுதாது. அதை நீளவாட்டு நோட்டு வைத்திருக்கிற டீச்சர்தான் எழுத வேண்டும்.

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தியபோது, 5, 8 வகுப்புகளில் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழி திறந்துவிட்டார்கள். வெளியேற்றும் தடையைத் தொடவில்லை. ஆகவே 1985இன் ஐந்தாம் வகுப்புப் பெண்ணை இன்று எந்தத் துணை ஆய்வாளரும் நீக்கச் சொல்ல முடியாது. சொன்னால் தலைமையாசிரியர் அந்தப் பிரிவைக் காட்டி மறுக்கலாம், யாரும் 17பி கொடுக்க முடியாது.

அவளுடைய அக்காவும் அண்ணனும் ஒன்பதிலும் பத்திலும் இருந்தார்கள். அந்த வகுப்புகளுக்கு 16ஆம் பிரிவு இன்றும் இல்லை. 'டிசி வாங்கிட்டுப் போ' என்ற சொல்லை நம் பள்ளிகளில் மிக அதிகம் கேட்பது அந்த இரண்டு வகுப்புகளில்தான். அங்கே பிள்ளைக்கும் வாசலுக்கும் நடுவில் இருப்பது தலைமையாசிரியரின் கையெழுத்து ஒன்றுதான்.